விலகி நிற்றல்

ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் எந்நேரமும் யாராவது பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரம வாசலிலிருந்து கிரிவலப் பாதையில் நடந்தால் சில கிலோமீட்டரில், மலையின் மறுபுறம், அடி அண்ணாமலை வருகிறது. அங்கே இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்று இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் கூட்டம் இரண்டையும் ஒரே நடையில் கடந்துபோகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே நடக்கும்போதெல்லாம் ஒரு சொல் உறுத்துகிறது: மௌனம்.

மௌனம் சாதித்தல் என்கிறோம். சாதித்தல் என்ற வினை அங்கே எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? ஹாலில் இருந்தவர் விஷயத்தில் அது பொருந்துகிறது. 1896இல் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்தவர், 1950இல் இங்கேயே மறைந்தார். வந்த புதிதில் வருஷக்கணக்கில் பேசாமலே இருந்தார். அந்தப் பேசாமை எதையோ சாதித்ததாக அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் உணர்ந்தார்கள். இதே தொடரைத்தான் நாம் புது டில்லிக்கும் உபயோகித்தோம்: முள்ளிவாய்க்கால் விஷயத்தில் இந்திய அரசு மௌனம் சாதித்தது என்று. ஒரு அரசின் மௌனம் எதைச் சாதிக்கிறது? முதலில், அதை மௌனம் என்று அழைக்கலாமா?

விவரங்களைப் பார்ப்போம். 2009 மே மாதம் போர் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழு விசேஷக் கூட்டம் கூட்டியது. மே 27 அன்று, இலங்கையே முன்வைத்த, இலங்கையைப் பாராட்டும் தொனியிலான தீர்மானம் 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2012 மார்ச்சில் இலங்கையைப் பொறுப்புக் கூறச் சொல்லும் தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோதும் இந்தியா ஆதரித்தது. 2013இல் 25க்கு 13, அப்போதும் ஆதரவு. 2014 மார்ச்சில் சர்வதேச விசாரணை கோரிய தீர்மானம் வந்தது. 23 ஆதரவு, 12 எதிர்ப்பு. வாக்களிக்காத 12 நாடுகளில் இந்தியா ஒன்று. 2021இலும் 2022இலும் மறுபடி வாக்களிக்கவில்லை.

ஆக, இந்தியா மௌனமாக இருந்தது என்பது சரியான வர்ணனை அல்ல. அது பேசியது, ஒரு வருஷம் ஒரு விதமாகவும் இன்னொரு வருஷம் இன்னொரு விதமாகவும் பேசியது. 2013 வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியிருந்தது; தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அம்பாந்தோட்டையில் சீனப் பணத்தில் கட்டிய துறைமுகம் இருந்தது. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவற்றைத் திரும்பப் பட்டியலிடுவதும் என் நோக்கம் அல்ல. இங்கு வேறொன்றைக் கவனிக்க வேண்டும்.

2012 தீர்மானத்தின் வாசகத்தில் இந்தியாவின் முயற்சியால் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஐ.நா. அலுவலகம் இலங்கைக்கு அளிக்கும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசைக் கலந்துகொண்டு, அதன் ஒப்புதலுடன் அளிக்கப்பட வேண்டும் என்பது அது. ஒப்புதலுடன். கவிதையில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ராஜதந்திர வாசகத்திலும் ஒரு சொல் அதையேதான் செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் சம்மதித்தால் மட்டுமே வீட்டுக்குள் வரலாம் என்று சொல்லிவிட்ட பிறகு, வாசலில் எத்தனை பேர் நின்றால் என்ன? வாக்களித்த கையோடு பிரதமர் மன்மோகன் சிங் ராஜபக்சவுக்குக் கடிதம் எழுதினார்; தீர்மானத்தில் ஒரு சமநிலையைக் கொண்டுவர இந்தியா பாடுபட்டதை அதில் விளக்கினார். சென்னைக்கு ஒரு வாக்கு, கொழும்புக்கு ஒரு சொல். 2014இல் அந்தச் சொல்லைச் செருக இடமில்லாமல் போனபோது, இறையாண்மையில் குறுக்கிடும் அணுகுமுறை பயன் தராது என்ற காரணத்தோடு வாக்கே நின்றுபோயிற்று.

தமிழில் வாக்கு என்பது பேச்சு. வாக்கு என்பது சத்தியம். வாக்கு என்பது தேர்தலில் போடுவதும். மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பது நம் மொழியின் ஒரு அதிர்ஷ்டம். அதனாலேயே, வாக்களிக்காமல் இருப்பதற்கு நம்மிடம் தனிச் சொல் இல்லை. பத்திரிகைகள் தடுமாறின. நடுநிலை வகித்தது என்றார்கள், புறக்கணித்தது என்றார்கள், வெளிநடப்பு என்றும் எழுதினார்கள். மூன்றும் ஒன்றல்ல. வெளிநடப்பில் கோபம் இருக்கிறது. கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை இருக்கிறது. நடுநிலை என்றால் தராசின் முள். இரண்டு தட்டையும் பார்த்தவன்தான் அதில் நிற்க முடியும். ஜெனீவாவில் நடந்தது இரண்டும் இல்லை. தெருவில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கையில், யாரும் நம்மைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று நடையைத் துரிதப்படுத்துகிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். விலகி நிற்றல் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தியா ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், அதன் முடிவுகளுக்கு இந்தியா உத்தரவாதம் அளிக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எல்லாச் சமூகங்களின் உயிர்ப் பாதுகாப்புக்கும் இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்றும் அதில் இருக்கிறது. இந்த வாக்கு காலாவதியானதாக யாரும் அறிவிக்கவில்லை.

இங்கு ஒரு எதிர்வாதம் எழும்; அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அரசு ஒரு மனிதன் அல்ல. அதற்கு மனசாட்சி கிடையாது; இருக்கவும் கூடாது. கோடிக்கணக்கானவர்களின் நலனுக்குப் பொறுப்பேற்ற ஸ்தாபனம் தன் ஆன்ம சுத்தத்துக்காகப் பேச ஆரம்பித்தால் விபரீதம் விளையும். அதனிடம் தார்மீகத்தை எதிர்பார்ப்பது கல்லிடம் கருணையை எதிர்பார்ப்பது. 1971ஐ இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அந்த வருஷம் மார்ச் 31 அன்று இந்தியப் பாராளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லையைக் கடந்து வந்தார்கள். டிசம்பரில் படை போயிற்று. டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபை 104க்கு 11 என்ற கணக்கில் போர்நிறுத்தம் கோரியபோது, இந்தியா அந்தப் பதினொன்றில் நின்றது. இறையாண்மை அன்றும் இருந்தது. அன்று அது குறுக்கே வரவில்லை. பாகிஸ்தான் இரண்டாவதில் இந்தியாவுக்கு லாபம் இருந்ததால்தான் நியாயம் கண்ணில் பட்டது என்பார்கள். இருக்கலாம். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் இந்தியாவின் உள்நோக்கத்தை விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. அப்படியானால், ஒரு அரசின் செயலை அதன் நோக்கத்தைக் கொண்டு மதிப்பிடுவதே தவறாகிறது. விளைவைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நோக்கத்தின் அசுத்தத்தால் செயல் கெட்டுப்போவதில்லை என்றால், நோக்கத்தின் நியாயத்தால் செயலின்மை புனிதமாகிவிடுவதும் இல்லை.

அரசுக்கு மனசாட்சி இல்லை என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அதே 1971இல், ஏப்ரல் 6 அன்று, டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் இருபது பேர், தங்கள் அரசின் மௌனம் தார்மீகமாகத் தோற்றுவிட்டது என்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். தலைமை அதிகாரி ஆர்ச்சர் ப்ளட் அதை ஆமோதித்து அனுப்பினார். நிக்ஸனும் கிஸிஞ்சரும் அசையவில்லை. ப்ளட்டின் பதவி போயிற்று. தந்தியால் ஒரு உயிர்கூடப் பிழைத்ததாகச் சொல்ல முடியாது. என்றாலும், அரசு என்று நாம் அழைப்பது கையும் பேனாவும் உள்ள மனிதர்களின் தொகுதி என்பதை அது நிரூபித்தது. பழைய ஹாலில் உலகத்தின் துன்பத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, கேட்கும் நீ யார் என்ற கேள்விதான் திரும்பக் கிடைத்தது. தப்பித்தல் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அரசிடம் கேட்க அதைவிடக் கறாரான கேள்வி எனக்குத் தெரியவில்லை. ஜெனீவாவில் இந்தியா என்று பெயர்ப்பலகை வைத்த மேஜையில் பொத்தானை அழுத்தாமல் இருந்த விரல் யாருடையது? யாருடையதும் இல்லை என்பதுதான் விலகி நிற்றலின் சௌகரியம். எதிர்த்து வாக்களித்தால் ஒருவர் எதிர்த்ததாகிறது. வாக்களிக்காதபோது எவரும் எதையும் செய்ததாகப் பதிவாவதில்லை.

இந்தச் சௌகரியத்தை நாடிய ஸ்தாபனம் இந்திய அரசு மட்டும் அல்ல. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரை குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று எழுதியது. அடுத்த வருஷம் ஐ.நா.வே நடத்திய உள்விசாரணை, கொழும்பில் இருந்த தன் அலுவலர்கள் சாவுகளின் எண்ணிக்கையைத் தெரிந்துவைத்துக்கொண்டே வெளியே சொல்லத் தயங்கியதை ஒப்புக்கொண்டது.

தன் தவறைத் தானே விசாரித்தது என்ற அளவுக்காவது அது மரியாதைக்கு உரியது. டில்லியில் அந்த அளவுக்குக்கூட எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால், என் பதில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

1987 அக்டோபர் 21, தீபாவளி. அமைதிப் படை என்ற பெயரில் போன இந்தியச் சிப்பாய்கள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டார்கள். டாக்டர்கள், நர்ஸுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அன்றும் மறுநாளும் இறந்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டதாகவும் இடையில் அகப்பட்டவர்கள் இறந்ததாகவும் விளக்கம் சொல்லப்பட்டது. உள்ளே இருந்து பிழைத்தவர்களின் சாட்சியம் வேறு. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. 1990 மார்ச்சில் படை திரும்பியது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அங்கே செத்திருந்தார்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூர். அதன்பின் இந்தியாவின் ஞாபகத்தில் 1991 மட்டும் நின்றது, 1987 அழிந்துபோயிற்று. தனக்கு நேர்ந்ததை நினைவில் வைத்து, தான் செய்ததை மறந்துவிட்ட ஒருவன், அடுத்தவன் செய்ததைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவான்? 2014 தீர்மானத்தின் விசாரணைக் காலம் 2002இல்தான் தொடங்குகிறது. அமைதிப் படையை அது தொடவே தொடாது. சட்டப்படி பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் மேல் குண்டு விழுந்ததைப் பற்றிப் பேச எழும் வாய்க்கு இன்னொரு ஆஸ்பத்திரி ஞாபகம் வராமல் இருக்குமா? இது என் யூகம். கோப்பைப் பார்த்துச் சொல்லவில்லை.

குற்றம் செய்தவனுக்குக் குற்றம் சாட்டும் அருகதை இல்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வாதம். அப்படியே ஏற்றால் உலகில் எந்த அரசும் எந்த அரசையும் பற்றி வாய் திறக்க முடியாது. எல்லாக் கொலைகளும் ஒன்றையொன்று மன்னித்துக்கொள்ளும். நான் நேர்மாறாக நினைக்கிறேன். செய்தவனுக்குத்தான் சொல்லும் கடமை அதிகம். தன்னுடையதிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே. 1970 டிசம்பர் 7 அன்று ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட், வார்ஸாவில் யூத கெட்டோ எழுச்சியின் நினைவுச் சின்னத்துக்கு எதிரே மண்டியிட்டார். பேசவில்லை. அந்தப் பேசாமையை யாரும் விலகி நிற்றல் என்று புரிந்துகொள்ளவில்லை. ஒரு அரசு மௌனமாக இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு உதாரணம் அது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு இந்தியப் பிரதமர் அப்படி ஒரு நிமிஷம் நின்றிருந்தால், ஜெனீவாவில் இந்தியாவின் வாக்குக்கு வேறு கனம் இருந்திருக்கும்.

இதுவரை எழுதியதை நம் வட்டத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். டில்லியைத் திட்டுவதில் நமக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. எனவே இங்கே நிறுத்தினால் நானும் சௌகரியமாகத்தான் எழுதியவனாவேன்.

1990 அக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 2009இன் இறுதி மாதங்களில் தப்பி ஓடிய தமிழர்களையே புலிகள் சுட்டார்கள், குழந்தைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பினார்கள் என்று, 40,000 என்ற எண்ணைத் தந்த அதே ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை நாம் மேடைதோறும் ஒப்பித்தோம். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. நம்மில் எத்தனை பேர் இதை எழுதினோம்? எழுதாததற்குக் காரணம் வைத்திருந்தோம்: இது சமயமல்ல, இப்போது சொன்னால் எதிரிக்கு உதவும், உள்விஷயத்தை உள்ளேயே பேசிக்கொள்ளலாம். கொஞ்சம் யோசித்தால், இதில் ஒவ்வொன்றும் வெளியுறவு அமைச்சகத்தின் மொழி என்பது தெரியும். சமயம், சமநிலை, உள்விவகாரம். அரசுக்கு மனசாட்சி கிடையாது என்று சொல்லிக்கொண்டே, நம் மனசாட்சியை ஒரு அரசைப் போல நிர்வகித்தோம்.

வேறு மாதிரி இருக்க முடியாதா என்றால், இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் போதித்த ராஜினி திராணகம, மூன்று சகாக்களோடு சேர்ந்து எழுதிய முறிந்த பனையில், இந்தியப் படை செய்ததும் இருக்கிறது, சிங்கள அரசு செய்ததும் இருக்கிறது, இயக்கங்கள் செய்ததும் இருக்கிறது. 1989 செப்டம்பர் 21 அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகளே கொன்றார்கள் என்று சகாக்கள் பதிவுசெய்தார்கள். அவரிடம் ஜெனீவாவில் மேஜை இல்லை. வாக்கு மட்டும் இருந்தது, அந்தச் சொல்லின் முதல் அர்த்தத்தில்.

ரமணாசிரமத்துக்குத் திரும்புகிறேன். 1924 ஜூன் 26 இரவு அங்கே திருடர்கள் வந்தார்கள். அப்போது இருந்தது கூரைக் கொட்டகை. உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் வெளியே போய்விடுகிறோம் என்று ரமணர் சொன்னார். எதிர்க்கத் துடித்த சீடரைத் தடுத்தார். அவர்கள் தர்மம் அவர்களுக்கு, பொறுத்துக்கொள்வது சாதுக்களின் தர்மம் என்றார். வெளியே வந்தவரின் தொடையில் தடியால் அடித்தார்கள். திருப்தி இல்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். விலகி நிற்றலுக்கு இதைவிடப் பரிசுத்தமான உதாரணம் கிடையாது என்று தோன்றும். ஆனால் அந்தச் சம்பவத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. வெளியே வருவதற்கு முன் அவர் செய்த காரியம், கருப்பன் என்ற நாயைத் திருடர்கள் அடித்துவிடக் கூடும் என்று, அதைப் பத்திரமான இடத்துக்கு எடுத்துப்போகச் சொன்னது. தன் தொடையை அவர் கொடுத்தார். நாயின் முதுகைக் கொடுக்கவில்லை. அது அவருடையது அல்ல. பொறுமை என்பது அவரவர் தேகத்தின் எல்லைக்குள் செல்லுபடியாவது. அடுத்தவன் மேல் விழும் அடியை நாம் பொறுத்துக்கொள்வதற்கு வேறு பெயர்.

ஜெனீவாவில் விலகி நின்றவர்கள் நாயை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தவர்கள். சரி, அது தூரத்து விஷயம். இறையாண்மை, சீனா, ஆயிரம் சிக்கல். அடி அண்ணாமலையில் என்ன சிக்கல்? தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், 50,000க்கும் மேற்பட்டவர்கள். 1983க்குப் பின் அலை அலையாக வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும், அவர்களுக்குப் பிறந்தவர்களும். அகதிகள் பற்றிய 1951ஆம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. பக்கத்து நாடுகளில் துன்புற்று வந்தவர்களுக்காகவென்று 2019இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த வம்சத்தவரும் இந்த முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதில் மரியாதை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. முகாம் என்ற சொல் அப்படியே இருக்கிறது.

மனித உரிமை பற்றி இந்தியா என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜெனீவாவின் வாக்குக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. முகாமில் பிறந்து முப்பது வயதாகிவிட்ட ஒருவனுக்கு, நீ இந்த நாட்டவன் என்று ஒரு காகிதம் கொடுக்கலாம். அதற்கு எந்தத் தீர்மானமும் நிறைவேற வேண்டாம். கொழும்பின் ஒப்புதலும் வேண்டாம்.